விதைப்பைத் தசையழுகல்

ஆணுறுப்பு, விதைப்பை, மலவாசலைச் சுற்றிய பகுதி ஆகியவற்றின் தோலடி இழையங்கள் கிருமித்தொற்றால் மளமளவென்று செத்து அழுகுவதே ஃபூர்னியே தசையழுகல். பாரிஸ் மருத்துவர் ஃபூர்னியே 1883இல் ஐந்து இளைஞர்களிடம் கண்டு விபரித்ததால் இந்தப் பெயர். 1764இலேயே போரியென் என்பவர் இதைப் பற்றி எழுதியிருந்தார். பெண்களுக்கும் வரும், ஆனால் அரிது.

தொற்று நுழையும் வழி

ஃபூர்னியே கண்டவர்களிடம் காரணம் தெரியவில்லை. இன்று தேடினால் பெரும்பாலும் அகப்படும்: சலப்பாதை ஒடுக்கம், நாட்பட்ட கதீற்றர், மலவாசல் சீழ்க்கட்டி, சவரக் கீறல், சொறிந்து புண்ணான அரையிடுக்கு. நோயாளிகளில் கணிசமானோருக்குச் சீனி வருத்தம் இருக்கும். பல கிருமிகள் கூட்டாகப் பெருகும்போது சிறு குருதிக்குழாய்கள் உறைந்து அடைபடுகின்றன. இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. மாத்திரையால் மட்டும் இது ஆறாததற்குக் காரணம் அதுதான்.

இலங்கையின் கிழக்குக் கரையில் கல்குடா, வாழைச்சேனைப் பக்கத்து மீனவர்கள் இதன் ஒன்றுவிட்ட உறவையும் அறிந்திருப்பது நல்லது. வெதுவெதுப்பான உவர்நீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ், மீன்முள் குத்திய காயம் வழியாகப் புகுந்து கைகால்களில் இதே வகை அழுகலை உண்டாக்கக்கூடும். ஈரல் நோயுள்ளவர்களுக்கு அது மிகக் கொடியது.

அடையாளங்கள்

முதல் அடையாளம் வலி. தோலில் சிறு சிவப்பும் வீக்கமுமே தெரியும். வலியோ தாங்க முடியாததாக இருக்கும். இந்தப் பொருத்தமின்மைதான் வைத்தியர் தேடுவது. காய்ச்சலும் நடுக்கமும் சேரும். பின்னர் தோல் ஊதாவாகிக் கறுக்கும், கொப்புளமும் துர்நாற்றமும் வரும். அழுத்தினால் தோலடியில் காற்று நறநறக்கும். அந்தக் கட்டத்தில் வலி குறையலாம். அது சுகமல்ல, நரம்புகள் செத்ததன் விளைவு.

இடம் மறைவானது என்பதால் பலர் வீட்டாரிடம்கூடச் சொல்லாமல் பனடோலோடு இரண்டு நாளைக் கடத்திவிடுகிறார்கள். சில மணித்தியாலங்களில் வயிற்றுச்சுவர் வரை ஏறக்கூடிய நோய்க்கு அது நீண்ட அவகாசம். சிகிச்சை பெற்றவர்களிலும் 20 முதல் 40 சதவீதம் வரை இறந்ததாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

சிகிச்சை

அடையாளம் தெளிவாக இருந்தால் ஸ்கானுக்காகக் காத்திருப்பதில்லை. நாளம் வழியாக நீரும், பலவகைக் கிருமிகளையும் தாக்கும் நுண்ணுயிர்க்கொல்லிகளும் ஏற்றி, செத்த இழையம் முழுவதையும் உடனே வெட்டி அகற்ற வேண்டும். ஒரு நாள் கழித்துக் காயத்தை மறுபடி பார்த்து மீண்டும் வெட்டுவது வழக்கம். ஒரே தடவையில் முடிவது குறைவு. விதைகள் பெரும்பாலும் தப்பிவிடும், அவற்றுக்கான இரத்தம் வயிற்றுப் பெருநாடியிலிருந்து தனிவழியே வருவதால்.

கல்குடாவுக்கு அருகில் வாழைச்சேனை ஆதார வைத்தியசாலையும், ஏறக்குறைய 35 கிலோமீற்றரில் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையும் உள்ளன. 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். டபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் போன்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள் அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இவற்றோடு இந்நோய் அரிதாக வருவதாக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. அழுகல் நின்று காயம் சுத்தமான பிறகு, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டி விதைப்பையை மூடுவார்கள்.