மேவிபோசேத்தும் சீபாவும்: உதவிப் பணியாளர் பயிற்சி பற்றிச் சில சிந்தனைகள்

திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரங்களில் ஆயர் பணி செய்வோர் பகல் வேளையில் இல்லச் சந்திப்புக்குச் சென்றால் பூட்டிய கதவுகளையே மிகுதியாகக் காண்பர். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் என்பது ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேர வேலை. கணவனும் மனைவியும் இருவருமே அதற்குச் சென்றால்தான் லைன் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் கட்டுப்படியாகும். தேனி, திண்டுக்கல் பக்கமிருந்தும், அண்மை ஆண்டுகளில் பீகார், ஒடிசா மாநிலங்களிலிருந்தும் பிழைப்பு நாடி வந்த குடும்பங்கள் இவை. பாட்டியும் அத்தையும் ஊரில் இருக்கின்றனர். இங்கே பகலில் வீடு காக்க ஆளில்லை. ஆயினும் பூட்டிய கதவுகளுள் சிலவற்றின் பின்னே ஒருவர் இருக்கிறார். மூளை முடக்குவாதமுள்ள மகனாக இருக்கலாம். பக்கவாதத்தில் விழுந்த தந்தையாக இருக்கலாம். பெற்றோரையோ பிள்ளைகளையோ குறைகூறுதல் எளிது. அந்தப் பூட்டு அன்பின்மையைக் காட்டவில்லை. உதவிக்கு ஆளில்லாமையையே காட்டுகிறது.

அந்த ஆள் யார், அவருக்கு என்ன கற்பிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டும் கூறியிருக்க, இது இருபத்தொன்றைக் கூறுகிறது என்பதைப் பலரும் அறிவர். அதே சட்டம் 'உயர் ஆதரவு' என்பதற்குத் தரும் விளக்கத்தைக் கவனித்தோர் சிலரே. உண்ணவும் உடுத்தவும் செய்யும் உதவியோடு நில்லாமல், விவரமறிந்து தாமே முடிவெடுக்கத் தேவைப்படும் உதவியையும் அவ்விளக்கம் தன்னுள் அடக்குகிறது. அதாவது, உதவியாளர் மற்றவருக்காக முடிவெடுப்பவர் அல்லர். அவர் தம் முடிவைத் தாமே எடுக்கத் துணைநிற்பவர். நம் திருச்சபைகளின் இரக்கப் பணிகளில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது இந்த இரண்டாம் பகுதியே எனக் கருதுகிறோம்.

திருமறையில் இதற்குப் பொருத்தமான ஒரு வரலாறு உண்டு. மேவிபோசேத்தைப் பற்றி நாம் ஆற்றும் பிரசங்கங்கள் பெரும்பாலும் 2 சாமுவேல் 9-ஆம் அதிகாரத்தோடு நின்றுவிடுகின்றன: அரசன் கிருபை காட்டினான், முடவன் பந்தியில் அமர்ந்தான். ஆனால் இவ்வரலாற்றில் உதவியாளர் இருவர் வருகின்றனர். முதலாமவள் ஒரு தாதி. சவுலும் யோனத்தானும் மாண்ட செய்தி கேட்டு, ஐந்து வயதுக் குழந்தையை எடுத்துக்கொண்டு பதற்றத்தில் ஓடினாள், குழந்தை விழுந்து இரு கால்களும் முடமாயின (2 சாமு. 4:4). அவள் அவன் உயிரைக் காக்கவே ஓடினாள் என்பதில் ஐயமில்லை. நல்லெண்ணம் இருந்தது, தூக்கிய கை தவறியது.

இரண்டாமவன் சீபா. தாவீது சவுலின் வீட்டாரைப் பற்றி விசாரித்தபோது, மேவிபோசேத்தின் பெயரைச் சொல்லுமுன் அவனுடைய கால்களின் நிலையையே சீபா சொல்கிறான் (9:3). பின்பு நிலமனைத்தையும் பயிரிட்டுப் பராமரிக்கும் பொறுப்பு, பதினைந்து மகன்களும் இருபது வேலைக்காரரும் உடைய இந்தச் சீபாவிடமே ஒப்படைக்கப்படுகிறது. பந்தியில் இடம் தந்தவன் அரசன். ஆனால் பந்திக்கு வரும் வழி சீபாவின் கையில் இருந்தது. அப்சலோமின் கலகத்தில் தாவீது நகரை விட்டு ஓடியபோது சீபா கழுதைகளோடு வந்து, தன் எஜமானன் அரசுரிமையை எதிர்பார்த்து எருசலேமில் தங்கிவிட்டான் என்கிறான். தாவீது மறுபக்கத்தைக் கேளாமலே சொத்தனைத்தையும் அவனுக்குக் கொடுத்துவிடுகிறான் (16:1-4). பின்னர் மேவிபோசேத் தன் வாயால் கூறும் விளக்கம் வேறு: தான் முடவன் என்பதால் கழுதைக்குச் சேணம் வைத்து ஏறிவர நினைத்ததாகவும், ஊழியக்காரன் தன்னை ஏமாற்றிச் சென்றதாகவும் முறையிடுகிறான் (19:26). இருவருள் யார் உண்மை சொன்னார் என்பதில் உரையாசிரியர்கள் ஒருமித்துப் பேசுவதில்லை. நம் நோக்கத்திற்கு அது தீர்க்கப்பட வேண்டியதுமில்லை. சேணம் வைக்கப் பிறர் தேவைப்படும் ஒருவரிடம், அந்தப் பிறர் எத்தகைய அதிகாரம் பெற்றுவிடுகிறார் என்பதே நாம் காண வேண்டியது. பயிற்சி எதற்கு என்று கேட்போருக்கு இவ்விரு நிகழ்ச்சிகளே விடை: தாதிக்குக் கைத்திறன் வேண்டும், சீபாவுக்கு வேறொன்று வேண்டும்.

முதலில் கைத்திறன். பனியன் தொழிலில் புதிதாக வந்தவரை எவரும் உடனே ஓவர்லாக் இயந்திரத்தில் உட்கார வைப்பதில்லை. கைமடித்தலில் தொடங்கி, பிசிறு வெட்டி, பக்கத்தில் நின்று பார்த்துப் பழகிய பின்னரே துணி அவர் கைக்கு வரும். பீஸ் வீணானால் நட்டம் என்பது முதலாளிக்குத் தெரியும். மனித உடலைத் தூக்குவதற்கு மட்டும் பயிற்சி வேண்டாம் என்று நினைக்கிறோம். படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுமுன் நாற்காலியின் பிரேக்கைப் போடுவதும், அக்குளில் பிடித்து இழுக்காமல் உடலோடு அணைத்து எழுப்புவதும் கற்றுக்கொள்ள வேண்டியவை. தாமாகப் புரள இயலாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் புரட்டிவிடாவிடில் படுக்கைப்புண் வரும். அது எலும்புவரை சென்று உயிரையும் வாங்கக்கூடும். மூளை முடக்குவாதமுள்ள குழந்தையை மடியில் மல்லாக்கக் கிடத்திக் கஞ்சி ஊற்றுவது நம் வீடுகளில் வழக்கம். அக்கஞ்சி மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரல் அழற்சியை உண்டாக்கலாம். நிமிர்த்தி உட்காரவைத்து, தலை பின்னால் சாயாமல் தாங்கி, ஒரு வாய் விழுங்கிய பின் மறுவாய் தருவதற்கு நேரம் பிடிக்கும். வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயனில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், அருகிலிருப்பதே செய்யத்தக்கது.

இவற்றைச் சில வாரங்களில் கற்பித்துவிடலாம். சீபாவுக்கான பாடம் அதனினும் கடினமானது. 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விடுத்து 'மாற்றுத்திறனாளிகள்' என்று சொல்லப் பழகிவிட்டோம், ஆனால் அவர் எதிரில் இருக்கும்போதே அவர் தாயைப் பார்த்து, "தம்பி காபி குடிப்பாரா?" என்று கேட்கும் பழக்கத்தை விட்டோமில்லை. பேச்சு தெளிவில்லாத ஒருவர் ஒரு சொல்லைச் சொல்லி முடிக்க எடுத்துக்கொள்ளும் நேரம்வரை பொறுத்திருப்பதும், படப் பலகையையோ கண்ணசைவையோ விடையாக ஏற்பதும், "வேண்டாம்" என்று அவர் சொன்னால் கோபமின்றிக் கை எடுப்பதும் பயிற்சியால் வருவன. குளிப்பாட்டும்போதும் மாதவிலக்கு நாட்களிலும் பெண்ணின் மறைவைக் காப்பதும், ஓய்வூதியப் பணத்தை அவரறியச் செலவிடுவதும் இதைச் சேர்ந்தவையே. பர்திமேயுவின் தேவை எரிகோ வீதியில் நின்ற அனைவருக்கும் வெளிப்படையாயிருந்தது. ஆண்டவருக்கு மட்டும் அது தெரியாதா? இருந்தும் என்ன வேண்டுமென்று அவனையே கேட்டார் (மாற்கு 10:51).

இது தமிழ்நாட்டில் நடவாத காரியமன்று. 1954-இல் விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே வேலூரில் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறையை வளர்த்தவரும் அவரே. அவருக்குப் பிறர் உதவி தேவைப்பட்டது. ஆனால் கத்தி அவர் கையில் இருந்தது. தென்காசியை அடுத்த ஆய்க்குடியில், 1975-இல் கடற்படை அதிகாரிகள் தேர்வின்போது கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயுடைய கணக்காயர் எஸ். சங்கரராமன் 1992-இல் அவரோடு இணைந்தார். அச்சங்கம் சமுதாய மறுவாழ்வுப் பணியாளர்களைப் பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்புகிறது. வல்லுநர்கள் வழிகாட்ட, பணியாளர் குழந்தையின் வீட்டிலேயே தாய்க்குப் பயிற்சி தருகிறார். எதை முதலில் அடைய வேண்டும் என்பதில் குடும்பத்தின் விருப்பமும் கேட்கப்படுகிறது. ஆதரவை நாள்தோறும் பெற்றவர்களே அப்பணியை வடிவமைத்தனர் என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். இந்திய மறுவாழ்வுக் கழகமும் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, சமுதாய அளவிலான பணியாளருக்கென ஆறு மாதப் பயிற்சியொன்றை 2021-இல் அறிமுகப்படுத்தியது. தமிழக அரசின் 'உரிமைகள்' திட்டத்திற்கு 2022-இல் உலக வங்கி கடனுதவிக்கு ஒப்புதல் அளித்தது. அதன்கீழ் முன்களப் பணியாளர் வீடுதேடிச் செல்கின்றனர், 'விழுதுகள்' என்னும் சேவை மையங்களும் திறக்கப்பட்டு வருகின்றன.

இனி ஊதியம். இதைப் பேச நம்மவர் கூச்சப்படுகின்றனர். திருப்பூரில் எந்தப் பெண்ணும் காலையில் வேலை கேட்டு இறங்கினால் மாலைக்குள் செக்கிங்கிலோ பேக்கிங்கிலோ இடம் கிடைத்துவிடும். அதைவிடக் குறைந்த கூலிக்கு, அதைவிடக் கடினமான உழைப்புக்கு ஏன் வர வேண்டும்? "இது தொண்டு அல்லவா" என்று நாம் சொல்லும்போது, தொண்டு என்ற சொல்லை அவள் கூலியைக் குறைப்பதற்காகவே பயன்படுத்துகிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறினால், பேச்சற்ற ஒருவருடைய கண்ணசைவைக் கற்றவர் எவரும் நிலைத்திருப்பதில்லை. புதியவருக்கு எல்லாம் முதலிலிருந்தே தொடங்கும். ஆண்டுதோறும் சக்கர நாற்காலி வழங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் சபைகள், இரண்டு மூன்றாகச் சேர்ந்து ஒரு பணியாளருக்கு, செக்கிங் கூலிக்குக் குறையாத சம்பளம் தர முன்வரலாம். லைன் வீடுகள் நெருக்கமாயிருப்பதால் ஒருவரே முறைவைத்து நான்கைந்து வீடுகளுக்குச் செல்ல இயலும்.

இறையியல் மாணவர்களின் களப்பணியையும் இங்குக் குறிப்பிட வேண்டும். மாற்றுத்திறனாளியின் வீட்டிற்கு மாணவரை அனுப்பும்போது ஜெபிக்கவும் ஆறுதல் கூறவுமே அனுப்புகிறோம். அதற்கு மாறாக, ஒரு பருவம் முழுவதும் வாரம் ஒரு பிற்பகல் அவருடைய உதவியாளராக அனுப்பி, மாணவர் எப்படிச் செய்தார் என்னும் மதிப்பீட்டை அவ்வீட்டிலுள்ள அவரிடமே கேட்டுப் பெறலாம். மதிப்பெண் தாளில் அவர் கையொப்பமோ கைநாட்டோ இருக்கட்டும். சொல்லால் கூற இயலாதவரெனில், அந்த மாணவர் மறுவாரம் வாசலில் நுழையும்போது அவர் முகம் எவ்வாறு மாறுகிறது என்பதைத் தாயிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.