கடல் கடந்த கைப்பேசி
(இயற்பியல் முதுகலை, இரண்டாம் ஆண்டு)

நம் மன்றத்து நண்பர்களில் ஆண்டுதோறும் சிலர் வெளிநாடு செல்கின்றனர். ஒருவர் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்துக்குக் கோடைப் பயிற்சிக்காகப் போகிறார். மற்றொருவர் இத்தாலியில், அப்துஸ் சலாம் 1964-இல் திரியெஸ்தே நகரில் தோற்றுவித்த கோட்பாட்டு இயற்பியல் மையத்துக்குப் போகிறார். இன்னொருவர் மேற்படிப்புக்கென்றே அமெரிக்கா சேர்கிறார். குளிருக்கு எத்தகைய உடை வேண்டும், சோறு கிடைக்குமா என்ற கேள்விகளுக்கு விடை கூற மூத்த மாணவர் பலர் உளர். ஆனால், ‘என் கைப்பேசி அங்கே வேலை செய்யுமா? செய்தால் எவ்வளவு பணம் பிடிக்கும்?’ என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு விடை வருகிறது. ‘சிம்மைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போ’ என்பார் ஒருவர். ‘ஒன்றும் செய்ய வேண்டாம், அது தானே வேலை செய்யும்’ என்பார் வேறொருவர். இரண்டையும் நம்பி இடர்ப்பட்டவர் உண்டு. காரணம் தெரிந்துகொண்டால் இத்தகைய அறிவுரைகளை நாமே எடைபோடலாம். அக்காரணத்தை எளிய முறையில் விளக்குவதே என் நோக்கம்.

முதலில் ஒன்றை மனத்திற் கொள்க. கைப்பேசி எந்த நாட்டுக்குப் போனாலும் அதன் சிம் அட்டை தாய்வீட்டுத் தொடர்பை விடுவதில்லை. அதற்குச் சான்று கூறுவது தாய்வீடு. அதன் செலவுக்குப் பொறுப்பேற்பதும் தாய்வீடே. மற்றவை யாவும் இந்த ஓர் உண்மையிலிருந்து பிறப்பனவே.

அடையாளம் கேட்கும் கோபுரம்

பாரிசு விமான நிலையத்தில் இறங்கியதும் கைப்பேசியை இயக்குகிறோம். அது அருகிலுள்ள கோபுரங்களைத் தேடிப் பிடித்துத் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. அப்போது அது கூறும் எண், நாம் நண்பர்களுக்குக் கூறும் பத்து இலக்க எண் அன்று. சிம்முக்குள் பொதிந்திருக்கும் வேறோர் எண் அது. 15 இலக்கங்கள் வரை கொண்டது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு 404, 405, இலங்கைக்கு 413, பிரான்சுக்கு 208. அடுத்து வரும் இலக்கங்கள் நிறுவனத்தைக் குறிக்கும். 404 என்று கண்டதும், வந்தவர் இந்தியர், இன்ன நிறுவனத்தின் வாடிக்கைக்காரர் என்பது பிரெஞ்சு நிறுவனத்துக்கு விளங்கிவிடுகிறது. உடனே அது இந்திய நிறுவனத்தைக் கேட்கிறது: ‘உங்கள் ஆள் என்று ஒருவர் வந்திருக்கிறார். மெய்தானா? இவருக்கு இடம் கொடுக்கலாமா?’

என் தந்தையார் வேலை கிடைத்து இந்நகருக்கு வந்த நாளில் எவரும் அவருக்கு வாடகைக்கு வீடு தரவில்லையாம். நம் பக்கத்துக்காரர் ஒருவர் ‘இவரை நான் அறிவேன்’ என்று சொன்ன பிறகுதான் கதவு திறந்ததாம். கைப்பேசியின் கதையும் அதுவே. முன்பின் அறியாத ஊரில் ஊர்க்காரர் சொல்லும் சொல்லே கதவைத் திறக்கிறது.

ஆனால், பொய்யாள் ஒருவன் அந்த 15 இலக்க எண்ணைத் திருடி வந்தால்? இங்கேதான் நுட்பம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் இரண்டு சிலம்புகளும் பார்வைக்கு ஒன்றே. உள்ளிருந்த பரல் முத்தா மாணிக்கமா என்பதே வழக்கைத் தீர்த்தது. அதுபோல் ஒவ்வொரு சிம்முக்குள்ளும் 128 பிட் நீளமுள்ள மறைச்சாவி ஒன்று உண்டு. அது எடுக்கக்கூடிய மதிப்புகளின் எண்ணிக்கையே 39 இலக்கம் கொண்டது. அந்தச் சாவியின் படி இந்திய நிறுவனத்திடம் மட்டும் இருக்கிறது. அந்நிறுவனம் தற்போக்கான ஓர் எண்ணைக் கேள்வியாகவும், சாவியைக் கொண்டு கணித்த விடையையும் சேர்த்துப் பாரிசுக்கு அனுப்புகிறது. பாரிசு கோபுரம் கேள்வியை மட்டும் சிம்மிடம் கொடுக்கிறது. சிம் தன் சாவியால் கணக்கிட்டு விடை கூறுகிறது. இரண்டு விடைகளும் ஒத்திருந்தால் கதவு திறக்கும். சிலம்பை உடைத்துக் காட்ட வேண்டியிருந்தது. இங்கோ உள்ளிருப்பதை வெளிக்காட்டாமலே மெய்ப்பிக்கிறோம். சாவி ஒருபோதும் காற்றில் பயணம் செய்வதில்லை.

இம்முறைக்கு அடிப்படையான பொதுத் தரத்தை வகுக்க ஐரோப்பிய நாடுகள் 1982-இல் ஒரு குழுவை அமைத்தன. 1987-இல் கோபன்ஹேகன் நகரில் 13 நாட்டு நிறுவனங்கள் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 1991-இல் பின்லாந்தில் முதல் அழைப்பு நிகழ்ந்தது. மறு ஆண்டே பின்லாந்து நிறுவனமும் பிரிட்டன் நிறுவனமும் ஒன்றன் வாடிக்கைக்காரரை மற்றொன்று ஏற்பதென ஒப்பந்தம் செய்துகொண்டன. ரோமிங் என்று நாம் கூறுவது இவ்வாறு பிறந்ததே. இந்தியாவில் கைப்பேசிச் சேவையே 1995 சூலை 31 அன்று கல்கத்தாவில் சோதி பாசு பேசிய அழைப்போடுதான் தொடங்கிற்று.

ரோமிங்குக்குக் கடல் கடக்க வேண்டும் என்பதும் இல்லை. தனுஷ்கோடி மணலில் நின்றவர் பலருடைய கைப்பேசிகளை இலங்கை வலை வரவேற்றிருக்கிறது. தலைமன்னார் அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவே. இரண்டாம் தலைமுறைக் கோபுரம் இயல்பாக எட்டக்கூடிய எல்லையோ 35 கிலோமீட்டர். அலைக்குக் குடியுரிமை தெரியாது. கட்டணச் சீட்டுக்குத்தான் தெரியும்.

அழைப்பு சுற்றி வரும் வழி

திரியெஸ்தேயில் இருக்கும் மகனை மதுரையிலிருந்து தாய் அழைக்கிறாள் என்று கொள்வோம். அவள் அழுத்துவது இந்திய எண். மகன் எங்கிருக்கிறான் என்பது அவளுடைய நிறுவனத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. அழைப்பு முதலில் மகனுடைய இந்திய நிறுவனத்துக்குப் போகிறது. ‘அவர் இப்போது இத்தாலியில் இருக்கிறார்’ என்று அங்குள்ள பதிவேடு கூறுகிறது. பிறகு அழைப்பு இத்தாலிக்குத் திருப்பப்படுகிறது. தாய் உள்நாட்டு அழைப்புக்கு உரியதையே கொடுக்கிறாள். இந்தியாவிலிருந்து இத்தாலி வரையுள்ள செலவு மகன் கணக்கில் ஏறுகிறது. வந்த அழைப்புக்கு ஏன் பணம் என்று சினப்படுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்திய எண் வைத்திருக்கும் இரு நண்பர்கள் ஒரே விடுதியின் அடுத்தடுத்த அறைகளிலிருந்து பேசிக்கொண்டாலும் அழைப்பு பொதுவாக இந்தியா வந்தே திரும்பும். அழைத்தவரும் பணம் கொடுப்பார், எடுத்தவரும் பணம் கொடுப்பார். நாம் எடுக்காத அழைப்பை வேறோர் இந்திய எண்ணுக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு செய்திருந்தால் நிலை இன்னும் மோசம். அழைப்பு இத்தாலி வரை வந்து, பதிலின்றி மீண்டும் இந்தியா செல்லும். இரு வழிச் செலவும் நம்முடையதாகலாம். ஆதலின் அத்தகைய ஏற்பாடுகளைப் புறப்படுமுன் நீக்கிவிடுக.

டேட்டாவின் கதையும் இத்தகையதே. பெரும்பாலும் இந்திய சிம்மின் டேட்டா முதலில் இந்தியாவுக்கு வந்து, இங்கிருந்தே இணையத்துக்குச் செல்கிறது. அதனால்தான் ஜெனீவாவில் இருந்தும் இந்தியாவில் இருப்பது போலவே சில இணையத் தளங்கள் நம்மை நடத்துகின்றன. இதன் விலை நேரம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். ஜெனீவாவுக்கும் மும்பைக்கும் இடையே 6,000 கிலோமீட்டருக்கு மேல். ஜெனீவாவிலுள்ள கணினியிடம் ஒரு கேள்வி கேட்டால், கேள்வி மும்பை வந்து ஜெனீவா திரும்பும். விடையும் அவ்வாறே வரும். மொத்தம் 24,000 கிலோமீட்டர். 120 மில்லி நொடி. எதிர் அறையிலுள்ள கணினிக்கு இத்தனை சுற்று! எவ்வளவு உயர்ந்த கைப்பேசி வாங்கினாலும் இந்தத் தாமதம் குறையாது.

நேரத்தைவிடக் கொடியது கட்டணம். நாம் தொடாமல் சட்டைப்பையில் வைத்திருக்கும்போதும் கைப்பேசி சும்மா இருப்பதில்லை. படங்களைச் சேமிப்பகத்துக்கு அனுப்பும், செயலிகளைப் புதுப்பிக்கும், அஞ்சல் வந்ததா என்று பார்க்கும். பொட்டலம் எனப்படும் பேக் எதுவும் போடாமல் சென்றவருக்கு இது பெருந்தொகையாக வந்து நிற்கும். விமானங்களிலும் கப்பல்களிலும் துணைக்கோள் வழி இயங்கும் தனி வலைகள் உண்டு. அவை எந்த நாட்டுப் பேக்கிலும் சேராமல் இருக்கலாம். ஏறி அமர்ந்ததும் விமான நிலையில் வைப்பதே நலம்.

எல்லைகளும் விதிகளும்

ஐரோப்பிய ஒன்றியம் 2017 சூன் 15 முதல் ஒரு நல்ல விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஓர் உறுப்பு நாட்டில் வாங்கிய சிம்மை மற்ற உறுப்பு நாடுகளில் நியாயமான அளவுக்குப் பயன்படுத்தினால் உள்நாட்டுக் கட்டணமே கொள்ள வேண்டும். 2022-இல் இவ்விதி 2032 வரை நீட்டிக்கப்பட்டது. திரியெஸ்தேயில் சிம் வாங்கியவர் ஓய்வு நாளில் பக்கத்திலுள்ள சுலோவேனியாவுக்குப் போய் வரலாம், அஞ்ச வேண்டாம். ஆனால் இந்தச் சலுகை நம் இந்திய சிம்முக்கு இல்லை. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தின் உறுப்பும் அன்று. செர்ன் ஆய்வுக்கூடமோ பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லையின் மேலேயே அமைந்தது. அதன் 27 கிலோமீட்டர் வளையம் இரு நாட்டின் அடியிலும் ஓடுகிறது. அங்கே நடந்து செல்பவரின் கைப்பேசி ஒரு நாட்டு வலையை விட்டு மறு நாட்டு வலைக்குத் தாவக்கூடும். பேக் வாங்குவோர் இரு நாட்டையும் சேர்த்து வாங்க வேண்டும்.

அமெரிக்கா செல்வோர் மற்றொன்று அறிக. அங்குள்ள பெரிய நிறுவனங்கள் மூன்றாம் தலைமுறை வலைகளை 2022-ஆம் ஆண்டுக்குள் மூடிவிட்டன. நான்காம் தலைமுறை வலையில் பேசும் வசதியை அந்நாட்டு நிறுவனம் ஏற்காத கைப்பேசியில் டேட்டா வரும், பேச்சு வராது. ‘கம்பிகள் எல்லாம் தெரிகின்றன, ஆனால் அழைக்க முடியவில்லை’ என்று சிலர் திகைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணை இழந்தவர் எல்லாம் இழந்தார்

‘அங்கேயே ஒரு சிம் வாங்கிக்கொண்டால் தீர்ந்தது’ என்பாரும் உளர். செலவைப் பொறுத்தமட்டில் அது சரி. ஆனால் இந்திய எண் இன்று பேசுவதற்கு மட்டும் உரியதன்று. வங்கியின் ஓ.டி.பி. அந்த எண்ணுக்கே வருகிறது. யு.பி.ஐ. செயலியைப் புதிய கைப்பேசியில் பதியும்போது அந்த சிம்மிலிருந்தே குறுஞ்செய்தி போக வேண்டும்.

எங்கள் துறையிலிருந்து ஓராண்டு ஆய்வுக்குச் சென்ற மூத்த மாணவர் ஒருவர் இந்திய சிம்மை மேசை அறைக்குள் போட்டுவிட்டு மறந்தார். எண் செயலிழந்தது. உதவித்தொகை இந்திய வங்கியில் சேர்ந்துகொண்டே இருந்தது. ஆனால் ஊரில் மருத்துவமனையில் கிடந்த தாயாருக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் அவரால் அனுப்ப முடியவில்லை. நண்பர்கள் கைமாற்றாகக் கொடுத்தே காலம் தள்ளினர். பணம் இருந்தும் இல்லாதவர் ஆனார்.

முன்பணச் சேவையில் 90 நாள் பயன்படுத்தாமல் கிடக்கும் எண்ணை நிறுவனம் நிறுத்தலாம் என்பது 2013-இல் வந்த விதி. நிறுத்திய எண் பின்னர் வேறொருவர் கைக்குப் போகும். நம் கணக்கின் சாவி முகமறியாதவரிடம் சேர்வதற்கு அது சமம்.

ஆகவே செய்ய வேண்டுவன இவை:

1. இந்திய சிம்மைக் கைப்பேசியிலேயே வைத்துக்கொள்க. புறப்படுமுன்னரே சர்வதேச ரோமிங் சேவையைப் பெற்று, வரும் குறுஞ்செய்திக்குக் கட்டணம் உண்டா என்றும் கேட்டுக்கொள்க. பெரும்பாலும் இராது.

2. ஆயினும் கைப்பேசியில் அந்த சிம்முக்கு ‘டேட்டா ரோமிங்’ என்பதை அணைத்து வைக்க. ரோமிங் வேறு, டேட்டா ரோமிங் வேறு. முன்னது ஓ.டி.பி. வரும் வாயில், பின்னது பணம் போகும் வாயில்.

3. டேட்டாவுக்கு அந்நாட்டு சிம்மோ, கைப்பேசிக்குள்ளேயே பதியும் இ-சிம்மோ வாங்குக. கடவுச்சீட்டைக் கேட்பார்கள்; செருமனியில் 2017 முதல் அடையாளச் சான்றின்றி முன்பணச் சிம் கிடையாது. வாட்சப் பழைய இந்திய எண்ணிலேயே தொடரும், மாற்ற வேண்டியதில்லை.

4. ஓரிரு வாரப் பயணமாயின் இந்தியப் பேக்கே போதும். பல மாதத் தங்கலுக்கு அது கட்டாது.

5. நெடுநாள் தங்குவோர் இந்திய எண்ணுக்குத் தவறாமல் ரீசார்ஜ் செய்க. ஊரிலுள்ள தம்பியோ தங்கையோ இங்கிருந்தே செய்யலாம். இடையிடையே அதிலிருந்து ஓர் அழைப்போ குறுஞ்செய்தியோ அனுப்புக. சிறு செலவுதான், எண் உயிரோடிருக்கும்.

6. வங்கிச் செயலிகளைப் புறப்படுமுன் சரிபார்த்துக்கொள்க. வெளிநாட்டில் இருக்கும்போது அவற்றை நீக்கிப் பதிய முயலற்க.

நண்பர்களே, இவற்றுள் கடினமானது ஒன்றும் இல்லை. விமானச் சீட்டு வாங்கிய மாலையே அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். அந்த அரைமணியைச் செலவிடாதவர் பிறகு அயல்நாட்டில் நள்ளிரவில், இந்தியாவில் வங்கி எப்போது திறக்கும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். இவ்வாண்டு புறப்படுவோர்க்கு அந்நிலை வராதிருக்கட்டும். சென்று, கற்று, நலமே திரும்புக!