மார்கழிக் காலையில் பழைய டிராக்டரைக் கிளப்புவது எப்படி?

சின்னமனூர் வட்டாரத்தில் பெரியாற்றுப் பாசனத்தில் இருபோகம் நெல் பயிரிடும் விவசாயிகளுக்கு, இரண்டாம் போகச் சேற்றுழவு பனிக்காலத்தில்தான் வருகிறது. நடவாட்கள் வரப்பில் காத்திருக்கும்போது பழைய டிராக்டர் கிளம்பாமல் மக்கர் செய்வது பலரும் கண்ட அனுபவம். அவ்வேளையில் அவசரப்பட்டுச் செய்யும் காரியம் இன்ஜினுக்கும் உயிருக்கும் ஆபத்தாக முடியலாம்.

குளிர் மட்டுமா காரணம்?

டீசல் இன்ஜினில் தீப்பொறி பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றைப் பதினாறில் ஒரு பங்கு அளவுக்கு அழுத்தும்போது உண்டாகும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் காற்று கசியும். பாட்டரி இளைத்திருந்தால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும். இரண்டிலும் சூடு குறையும். மேகமலை உச்சியில் குளிர் கூடுதல்தான். ஆனால் நம் பள்ளத்தாக்கின் குளிர், நல்ல இன்ஜினை நிறுத்தும் அளவுக்குக் கடுமையானதல்ல. ஆகவே மார்கழியில் மட்டும் தகராறு செய்யும் டிராக்டரில் பழுது ஏற்கெனவே இருக்கிறது. குளிர் அதை வெளிக்காட்டுகிறது என்றே கொள்ளவேண்டும்.

முதலில் கவனிக்க வேண்டியவை

1. பாட்டரி ஒயர்களைக் கழற்றி, முனைகளில் பூத்த வெள்ளைப் படிவத்தை வெந்நீரால் கழுவித் துடைத்து, மீண்டும் இறுக்கமாக மாட்டவேண்டும். எர்த் ஒயரையும் பார்க்கவேண்டும். ஹைட்ரோமீட்டரில் அளவு 1.25க்கு மேல் இருப்பது நல்லது, 1.20க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் செய்யவேண்டும்.

2. ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது புகைப்போக்கியைக் கவனியுங்கள். வெண்புகை வந்தால் டீசல் போகிறது, சூடு போதவில்லை என்று பொருள். புகையே வராவிட்டால் டீசல் போகவில்லை. பில்டரைச் சுத்தம் செய்து, கைப்பம்ப்பை அடித்துக் காற்றை வெளியேற்றவேண்டும்.

3. கம்பெனி சொன்ன தரத்தைவிடக் கெட்டியான ஆயில் ஊற்றக்கூடாது.

துணைச் சாதனங்கள்

மாஸி பெர்குஸன் 35 போன்ற சில பழைய டிராக்டர்களில் ஹீட்டர் உண்டு. சாவியை அந்த நிலையில் 15 முதல் 20 விநாடி பிடித்திருந்து, பிறகு ஸ்டார்ட் செய்யவேண்டும். போர்ட்ஸன் மேஜரில் டீசல் பம்ப்பில், துவக்கத்துக்குக் கூடுதல் டீசல் விடும் பட்டன் உள்ளது. கிளட்சை மிதித்துக்கொண்டால் கியர் பெட்டியின் கெட்டி ஆயிலைச் சுற்றும் பாரம் குறையும். ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் 15 விநாடிக்கு மேல் சுற்றாமல், ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து மீண்டும் முயலலாம்.

கூடாதவை

ஈதர் ஸ்பிரே அடித்தால் அது நேரம் தவறி வெடித்து, பிஸ்டனையும் ரிங்கையும் உடைக்கும். ஹீட்டர் உள்ள இன்ஜினில் அது தீ விபத்தையே வரவழைக்கும். ஏர் கிளீனர் வாயில் தீப்பந்தம் காட்டினால் அதிலுள்ள ஆயில் பற்றிக்கொள்ளும். எல்லாவற்றிலும் கொடியது, கீழே நின்றபடி ஸ்குரூடிரைவரால் ஸ்டார்ட்டர் முனைகளை இணைப்பது. கியரில் இருந்தால் டிராக்டர் சட்டெனப் பாய்ந்து, நிற்பவர் மீதே பின்சக்கரம் ஏறிவிடும். எப்போதும் இருக்கையில் அமர்ந்து, நியூட்ரலில் வைத்தே கிளப்பவேண்டும்.

முதல் போக அறுவடைக்குப் பின் கிடைக்கும் இடைவெளியில் பாட்டரி, இன்ஜெக்டர், பிஸ்டன் ரிங் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்து கொண்டால், நடவு நாளில் வண்டி ஏமாற்றாது.