மனநோய்க்குப் ‘பெப்டைடு’ ஊசியா? போடும் முன் கேளுங்கள்

மன அழுத்தம், பதற்றம், மனச்சிதைவு எல்லாவற்றுக்கும் ‘நரம்பைக் காக்கும் பெப்டைடு’ உதவும் என்கின்றன இணைய விளம்பரங்கள். காசைக் கட்டும் முன் சில உண்மைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எவை இவை?

அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலியே பெப்டைடு. பன்றி மூளைப் புரதத்திலிருந்து தயாராகும் செரிப்ரோலைசின் ஊசி, பல நாடுகளில் பக்கவாதத்துக்கும் மறதிநோய்க்கும் தரப்படுகிறது. மூக்கில் விடும் செமாக்ஸ், செலாங்க் இரண்டும் ரஷ்யத் தயாரிப்புகள். மூன்றுக்குமே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஒப்புதல் இல்லை. மனநோய்களில் இவை குறித்து நடந்தவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகளே. பக்கவாதத்தில்கூட, செரிப்ரோலைசின் உயிரிழப்பைக் குறைப்பதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் அறிக்கையில் தெரியவில்லை.

ஆபத்து எங்கே?

வலிப்பு நோயோ கடுமையான சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்குச் செரிப்ரோலைசின் கூடாது. மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும். ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று அச்சிட்டு இணையத்தில் விற்கும் குப்பிகளின் தூய்மைக்கு யாரும் பொறுப்பில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, இதை நம்பிப் பழைய மருந்தைக் கைவிடுவது. உதாரணமாக, இருதுருவ மனநோய்க்குத் தரப்படும் லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பக்கூடும்.

உங்கள் உரிமை

என்ன சிகிச்சை, என்னென்ன பக்கவிளைவுகள் என்பதை உங்களுக்குப் புரியும் மொழியில் கேட்டறியும் உரிமையை மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 தருகிறது. மருத்துவப் பதிவேடுகளையும் கேட்டுப் பெறலாம். “இந்த நோய்க்கு இந்த மருந்து இந்தியாவில் ஒப்புதல் பெற்றதா? ஆதாரம் என்ன?” என்று கேளுங்கள். ஆய்வில் சேரச் சொன்னால், அது இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஒப்புதலின்றிச் சேர்க்க முடியாது. ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் பெற 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் வழிசெய்கின்றன.

பாதிக்கப்பட்டால்

உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குப்பி, தொகுதி எண், மருந்துச் சீட்டு, ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். பக்கவிளைவை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம். உரிமை மீறப்பட்டால் மனநல மறுஆய்வு வாரியத்தையும், சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416 எண் இரவும் பகலும் இயங்குகிறது.

புது மருந்து வேண்டாம் என்பதல்ல. ஆதாரம் கேட்காமல் வேண்டாம். அதுவரை, உங்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள்.