கோபுரம் மறையாத ஊர்கள்

திருத்தலப் பயணம் செல்லும் அடியார்கள், ஊருக்குள் நுழையும் முன்னரே கோபுரத்தைக் கண்டு கைகூப்புதல் நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். 'கோபுர தரிசனம் கோடி புண்ணியம்' என்னும் முதுமொழியும் இவ்வழக்கினின்று எழுந்ததே. கோயிலுள் வர இயலாத முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் தொலைவிலிருந்து பெறும் அக்காட்சியே வழிபாடாகும்.

மதுரைத் திருக்கோயிலின் தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 170 அடி உயரமுடையது. அதனைச் சூழ்ந்த சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகளிலோ விண்ணை முட்டும் கட்டடம் ஒன்றும் இல்லை. சென்னையிலும் மும்பையிலும் முப்பது, நாற்பது மாடிகள் எழுகின்ற இந்நாளில் பெருநகராகிய மதுரையின் நடுப்பகுதி மட்டும் தாழ்ந்திருப்பது ஏன் என்று வெளியூர் அன்பர்கள் வினவுவதுண்டு. இவ்வினா மதுரைக்கு மட்டும் உரியதன்று. உரோமாபுரி, பாரிசு நகரின் நடுப்பகுதி, ஜப்பான் நாட்டுக் கியோட்டோ முதலிய பழம்பதிகளைக் கண்டோரும் இதனையே வினவுவர்.

முற்காலத்தில் விடை எளிது. உயரக் கட்ட இயலாது; கட்டினும் ஏற இயலாது. முல்லைப்பாட்டு எழுநிலை மாடம் ஒன்றைக் கூறுகின்றதே என அறிந்தோர் கேட்கலாம். அஃது அரசி உறையும் அரண்மனை. குடிமக்கள் வீடுகளோ கூரையாலும் ஓட்டாலும் வேயப்பெற்றுத் தாழ்ந்திருந்தன. (வீட்டிற்கு 'மாடி' என்றும் கோபுரத்திற்கு 'நிலை' என்றும் இன்றும் நாம் பிரித்து வழங்குவது கருதத்தக்கது.) 1857ஆம் ஆண்டு நியூயார்க்கு நகரில் மக்கள் ஏறிச் செல்லும் தூக்கி ஒரு கடையில் அமைந்தது. 1885இல் சிகாகோ நகரில் உலோகச் சட்டகத்தின்மேல் பத்து மாடிக் கட்டடம் எழுந்தது. அதன்பின் எவ்வூரும் விரும்பினால் உயரலாம் என்றாயிற்று. ஆகவே, அக்காலத்திற்குப் பின்னும் ஓர் ஊர் தாழ்ந்திருக்குமாயின், அவ்வூரார் ஏதோ ஒன்றை வேண்டாவென்று விலக்கினர் என்றே கொள்ளல் வேண்டும்.

குறுகிய தெருக்கள், நிலத்தடியில் புதைந்து கிடக்கும் பழங்கட்டடங்கள் முதலிய காரணங்களும் உண்டு. எனினும் தலைமையான காரணம் சட்டமே. பாரிசு நகரில் 1973இல் 210 மீட்டர் உயரக் கட்டடம் ஒன்று எழுந்து, மக்களின் வெறுப்பிற்கு ஆளாயிற்று. 1977இல் நகருக்குள் உயரம் 37 மீட்டர் என வரையறுக்கப்பெற்றது. உயர்ந்த கட்டடங்கள் நகரெல்லைக்கு வெளியே தனிப்பகுதியில் அமைந்தன. இந்துக் கோயில்கள் மலிந்த பாலித் தீவிலோ அளவுகோல் தென்னைமரம். கட்டடம் அதனை விஞ்சலாகாது என்று 15 மீட்டர் வரம்பு வகுத்தனர். இதனினும் அழகிய அளவுகோலை யான் கேட்டறிந்ததில்லை.

இவற்றுள் நாம் விரிவாகக் காணத்தக்கது கியோட்டோ. கி.பி. 794 முதல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஜப்பானின் தலைநகராக விளங்கிய அவ்வூர், மூன்று புறமும் மலை சூழ்ந்தது. புத்தர் கோயில்களும் ஷிண்டோ கோயில்களும் நிறைந்தது. 1945இல் அணுகுண்டு வீசுதற்குரிய ஊர்களின் பட்டியலில் அதுவும் இருந்தது. அமெரிக்கப் போர் அமைச்சர் ஸ்டிம்சன் என்பார் அதன் பெயரை நீக்குவித்தார். இங்ஙனம் அழிவினின்று தப்பிய ஊரில், அமைதிக்காலத்தில் வேறொரு வழக்கு எழுந்தது.

அவ்வூர்த் தோஜி என்னும் கோயிலில் ஐந்து நிலை மரக்கோபுரம் உண்டு. 1644இல் மீண்டும் எடுக்கப்பெற்றது. ஏறத்தாழ 55 மீட்டர் உயரமுடைய அதுவே அந்நாட்டு மரக்கோபுரங்களுள் நெடியது. 1964இல் புகைவண்டி நிலையத்தின் எதிரே 131 மீட்டர் உயரக் காட்சிக்கோபுரம் ஒன்றை எழுப்பினர். அக்காலத்துச் சட்டப்படி கட்டடம் 31 மீட்டரைக் கடத்தல் கூடாது. என் செய்தனர்? 31 மீட்டரில் கட்டடத்தை முடித்து, அதன் தலைமேல் 100 மீட்டர்க் கோபுரத்தை நிறுத்தி, 'இது கட்டடமன்று. மேலே வைத்த அமைப்பு' என்றனர். சட்டத்தின் சொல்லைக் காத்துப் பொருளை விட்ட செயல் இது. பின்னர், 1994இல் 60 மீட்டர் உயர விடுதி ஒன்று முடிவுற்றபோது பௌத்தக் கோயில்கள் வெகுண்டன. அவ்விடுதியில் தங்குவோர்க்கு இங்கு அனுமதி இல்லை என்று புகழ்பெற்ற சில கோயில்களின் வாயிலிலேயே பலகை எழுதி வைத்தனர். வழிபட வந்தாரை வாயிலில் தடுத்தல் முறையோ என்பது ஆராயத்தக்கது. ஆயினும் அவர்தம் வருத்தம் எத்துணை ஆழமுடையது என்பது இதனால் விளங்கும்.

2007ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அந்நகராட்சி புதிய விதிகளை நடைமுறைப்படுத்தியது. பெருந்தெருக்களில் 45 மீட்டர் வரம்பு 31 மீட்டராயிற்று. உட்புறத் தெருக்களில் 31 மீட்டர் 15 மீட்டராயிற்று. இதனினும் நுட்பமானது பிறிதொரு விதி. நின்று காணத்தக்க இடங்கள் என 38 இடங்களைத் தேர்ந்தனர். அவ்விடத்து நிற்பவர் கண்ணிலிருந்து காணப்படும் பொருள் வரை கோடு வரைந்து, அக்கோட்டினை இடையில் எக்கட்டடமும் மறைத்தலாகாது என விதித்தனர்.

அவ்வாறு காக்கப்பெற்ற காட்சிகளுள் ஒன்றை நம்மவர் எளிதில் உணர்வர். ஆண்டுதோறும் ஆகஸ்டு 16ஆம் நாள் இரவு, வீட்டிற்கு எழுந்தருளிய முன்னோர் ஆவிகளை வழியனுப்பும்பொருட்டு மலைச்சரிவுகளில் தீ மூட்டுவர். கிழக்கு மலையில் 'பெரிது' என்னும் பொருளுடைய எழுத்தின் வடிவில் அத்தீ எரியும். காமோ ஆற்றங்கரையில் நின்று மக்கள் அதனைக் காண்பர். கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலையின் வீதிகளில் நின்று மலையுச்சியை நோக்குவோர் நிலையை ஒத்தது அது. நடுவே ஒரு கட்டடம் எழுந்து மறைத்தால் இழப்பது அழகை மட்டுமோ? முன்னோரை வழியனுப்பும் கண்களுக்கு மலை தெரியாது போகும்.

எனினும் இக்காப்பிற்கு விலையுண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. உயர விடாத ஊரில் வீடுகள் அருகும். அருகவே விலை ஏறும். கியோட்டோவில் இளங்குடும்பத்தார் பலர் அண்டை ஊர்களுக்குக் குடிபெயர்ந்தனர். ஆதலின் 2023இல் புகைவண்டி நிலையத்தின் தென்பகுதி முதலிய சில இடங்களில் அந்நகராட்சி வரம்பைத் தளர்த்தியது. கோயில்களும் பழந்தெருக்களும் செறிந்த நடுப்பகுதியைத் தளர்த்தவில்லை.

நம் நாட்டிற்கு வருவோம். மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள தஞ்சைப் பெரிய கோயில் போன்றவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக்கட்டடம் கூடாதென்றும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டல் வேண்டுமென்றும் 2010ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கூறுகின்றது. மதுரையில் 1997ஆம் ஆண்டு அரசாணை, மீனாட்சியம்மன் திருக்கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் அளவிற்குள் கட்டடங்கள் 9 மீட்டரைக் கடத்தலாகாது என விதித்தது. ஒன்பது மீட்டர் எனின் ஏறத்தாழ முப்பதடி. தரைத்தளமும் அதன்மேல் இரண்டு மாடிகளும் அடங்கும். அவ்விதியை மீறி எழுந்த கட்டடங்கள் பல. அவை பற்றிய வழக்குகள் நீதிமன்றம் வரை சென்றன.

மீறியோரைப் பழித்தல் எளிது. மாசி வீதியில் மூன்று தலைமுறையாக வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மக்கள் மூவர்க்கும் மணமாயிற்று. இருக்கும் மனையோ சிறிது. மேலே கட்ட வழியில்லை. ஆண்டிற்கு ஒருமுறை வரும் நாம் கண்குளிரக் காணும் காட்சிக்கு அக்குடும்பத்தார் தம் மனையின் பயனை விட்டுக்கொடுக்கின்றனர். அவர்க்கு வரிச்சலுகையோ வேறு ஈடோ அளித்தல் தக்கதென்பது எளியேன் கருத்து. தங்கும் வணிகத்தின்பொருட்டு விதியை மீறுவோரை இவரோடு ஒருங்கு வைத்து எண்ணலாகாது.

இன்னொன்று, சுவர்கள் முப்பதடிக்குள் அடங்கிய இடத்தும், மொட்டை மாடிமேல் நிற்கும் விளம்பரப் பலகைகளும் கைப்பேசிக் கோபுரங்களும் திருக்கோபுரத்தை மறைத்தல் பல தலங்களில் கண்கூடு. இவற்றை அகற்றுதற்கு எவர் வீட்டையும் இடிக்க வேண்டுவதில்லை. கியோட்டோ நகராட்சி 2007இல் கூரைமேல் விளம்பரங்களை அறவே விலக்கி, முன்னரே வைத்திருந்தோர்க்கு அவற்றை இறக்க ஏழாண்டுத் தவணை அளித்தது. 2014இல் அத்தவணை முடிந்தது.