சுனாமியைக் கதையில் சந்திப்பது

2008 ஜூனில் வெளியான ‘தசாவதாரம்’ படத்தின் உச்சக்காட்சியில் 2004 டிசம்பர் 26 சுனாமி வருகிறது. வெளியூர் ரசிகர்களுக்கு அது கணினி வரைகலையின் வியப்பு. காரைக்காலில் அதே அலை பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு போன்ற மீனவ ஊர்களுக்குள் புகுந்து அப்போது மூன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் இறந்த சுமார் 600 பேரில் பெரும்பாலோர் காரைக்கால் கரையைச் சேர்ந்தவர்கள்.

பட்ட துயரத்தையே கதையாகப் பார்க்க நேர்ந்தால், சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். சிலரோ அத்தகைய கதைகளையே தேடிப் போகிறார்கள். இரண்டுக்கும் அறிவியலில் விளக்கம் உண்டு.

சாதாரண நினைவு ‘அன்று, அங்கே நடந்தது’ என்ற அடையாளத்தோடு மனத்தில் தங்கும். உயிர்பயத்தில் பதியும் நினைவு அப்படியில்லை. ஓசை, வாசனை, உடல் நடுக்கம் ஆகியவை ஆழமாகப் பதிகின்றன. காலமும் இடமும் மங்கலாகப் பதிகின்றன என்று உளவியலாளர் பலர் கருதுகிறார்கள். அதனால்தான் திரையில் அலை இரையும்போது, அது இந்த நொடியில் நடப்பதுபோல் நெஞ்சு படபடக்கிறது.

அதைத் தவிர்த்தால் உடனே நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதியே அடுத்த முறையும் தவிர்க்கப் பழக்குகிறது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயின் முக்கிய அறிகுறிகளில் ஒன்று இந்தத் தவிர்த்தல். அச்சமூட்டும் நினைவைப் பாதுகாப்பான சூழலில் நெருங்கினால்தான், ‘இப்போது ஆபத்தில்லை’ என்ற புதிய பாடம் மனத்தில் சேரும் என்று எட்னா ஃபோவாவும் மைக்கேல் கோசாக்கும் 1986-இல் விளக்கினார்கள்.

அப்படியென்றால் எல்லாரும் இத்தகைய கதைகளைப் படித்தே ஆக வேண்டுமா? இல்லை. துயரத்தை நினைவூட்டுபவற்றைத் தாமாகவே தேடிப் போகிறவர்களைப் பற்றி 2020-இல் பெஞ்சமின் பெல்லெட், பெய்டன் ஜோன்ஸ், ரிச்சர்ட் மெக்நாலி ஆகியோர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தமக்கு நேர்ந்ததற்குப் பொருள் காணும் ஆவலே அந்தத் தேடலின் பெரிய காரணமாக இருந்தது. ஆனால் அடிக்கடி தேடுகிறவர்களிடம் நோய் அறிகுறிகளும் கூடுதலாகக் காணப்பட்டன. தேடல் மருந்தாகவும் இருக்கலாம், ஆறாத வலியின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

இரண்டையும் பிரிப்பது கட்டுப்பாடு யார் கையில் இருக்கிறது என்பதுதான் என்று நினைக்கிறேன். புத்தகத்தை எந்த வரியிலும் மூடி வைக்கலாம். திரையரங்கின் பேரொலி நம்மைக் கேட்டு வருவதில்லை. இலங்கையின் யாலாவில் பெற்றோரையும் கணவரையும் இரு மகன்களையும் அதே சுனாமிக்குப் பறிகொடுத்த சொனாலி தெரணியகலவின் நினைவுக்குறிப்பு நூல் ‘வேவ்’ வெளிவந்தது பல ஆண்டுகள் கழித்து, 2013-இல்தான். நினைவை நெருங்கும் வேகத்தை அவரவர் மனம்தான் முடிவு செய்ய வேண்டும்.

காரைக்கால் கரை இதைத் தன் வழியில் செய்து வருகிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று மீனவர்கள் தொழிலுக்குப் போகாமல், கடலில் பாலூற்றி மலர் தூவி அஞ்சலி செலுத்துகிறார்கள். நாள் குறித்து, உறவுகள் சூழ நினைவை நெருங்கி, பிறகு வீடு திரும்புகிறார்கள். ஆய்வுகள் வலியுறுத்தும் பாதுகாப்பும் துணையும் இதில் இருக்கின்றன.

நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2011-ஆம் ஆண்டு உளவியல் முதலுதவி வழிகாட்டி. கதைக்கும் இது பொருந்தும். ‘படித்தால் தைரியம் வரும்’ என்று நெருக்கவும் வேண்டாம். படிப்பவரிடம் ‘ஏன் பழசைக் கிளறுகிறாய்’ என்று கேட்கவும் வேண்டாம். பள்ளியில் இத்தகைய கதையைப் பாடமாக நடத்தும் ஆசிரியர், முன்கூட்டியே சொல்லி, விரும்பாத மாணவர் விலகியிருக்க இடம் கொடுக்கட்டும். தவிர்த்தல் வளர்ந்து தூக்கத்தையும் தொழிலையும் தின்னத் தொடங்கினால், அரசின் டெலி-மானஸ் இலவச உதவி எண் 14416-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.