ரப்பர் பால் உறைவது ஏன்? ஷீட் கெடுவது ஏன்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு, அருமனை, கடையாலுமூடு பகுதிகளில் ஓரிரு ஏக்கர் ரப்பரை நம்பி வாழும் சிறு விவசாயிகள் ஏராளம். பக்கத்துப் பக்கத்துத் தோட்டம், ஒரே ரக மரம். ஆனாலும் ஒருவருடைய ஷீட் நல்ல தரமென்று விலை பெறுகிறது. மற்றவருடையது பிசுபிசுப்பு, குமிழ், பூஞ்சாணம் என்று கழிக்கப்படுகிறது. இந்த வித்தியாசம் பெரும்பாலும் பால் வெட்டிய பிறகு ஏற்படுவது. பாலுக்குள் நடக்கும் இரசாயனத்தைப் புரிந்துகொண்டால் இந்த நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

பாலில் மிதக்கும் துகள்கள்

ரப்பர் பாலில் சுமார் 30 முதல் 40 சதம் ரப்பர் உள்ளது. இது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக நீரில் மிதக்கிறது. ஒவ்வொரு துகளின் மேலும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய உறை இருக்கிறது. இந்த உறையில் எதிர்மின் சுமை உண்டு. காந்தத்தின் ஒத்த முனைகள் ஒன்றையொன்று தள்ளுவதுபோல், ஒரே வகைச் சுமையுள்ள துகள்களும் ஒன்றையொன்று தள்ளுகின்றன. இதனால்தான் பால் பாலாகவே இருக்கிறது.

அமிலத்தைச் சேர்த்தால், அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அயனிகள் நேர்மின் சுமையுடன் சென்று உறையின் எதிர்மின் சுமையைத் தணிக்கின்றன. தள்ளும் விசை நீங்கியதும், மூலக்கூறுகளுக்கிடையே இயல்பாக உள்ள கவர்ச்சி விசை மேலோங்கித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. பால் உறைகிறது.

சிரட்டையிலேயே பால் கட்டிவிடுவதற்கும் காரணம் இதுதான். அழுக்குச் சிரட்டையிலுள்ள பாக்டீரியா பாலிலுள்ள சர்க்கரையை அமிலமாக மாற்றிவிடும். எனவே சிரட்டை, வாளி ஆகியவற்றைத் தினமும் சுத்தம் செய்யவேண்டும். பால் கட்டாமலிருக்க அம்மோனியா சேர்ப்பதும் உண்டு. அது அமிலத்தை முறிக்கக்கூடியது. அம்மோனியா சேர்த்த பாலை உறைய வைக்க அதிக ஆசிட் தேவைப்படும் என்பதை நினைவில் கொள்க.

எறும்பு தந்த ஆசிட்

நாம் பயன்படுத்தும் பார்மிக் ஆசிட், முசிறு எறும்பின் உடலிலும் உள்ள பொருளே. மாமரத்தில் ஏறும்போது முசிறு கடித்த இடம் எரிவது இதனால்தான். இலத்தீன் மொழியில் எறும்புக்கு உள்ள பெயரிலிருந்தே இதற்குப் பெயர் வந்தது. இது ஆவியாகக் கூடியது. ஆகவே ஷீட் உலரும்போது மிச்சம் வெளியேறிவிடும். விலை மலிவென்று கந்தக அமிலம் ஊற்றினால் அது ஆவியாகாது. நன்கு கழுவாவிட்டால் ஷீட்டில் தங்கி ரப்பரைக் கெடுக்கும்; ரோலரையும் அரிக்கும்.

பாலை வடிகட்டி, ரப்பர் அளவு 12.5 சதமாகும்படி சுத்தமான தண்ணீர் கலக்கவும். உதாரணமாக, ஒரு லிட்டர் பாலில் 350 கிராம் ரப்பர் இருந்தால் 1.8 லிட்டர் தண்ணீர் சேர்க்கவேண்டும். இவ்வாறு கலந்த பால் 4 லிட்டருக்கு அரைக் கிலோ ஷீட் கிடைக்கும். ஆசிட்டையும் தண்ணீரில் நன்கு நீர்க்கச் செய்த பிறகே பாலில் ஊற்றிக் கலக்கவேண்டும். கெட்டியாக ஊற்றினால் விழுந்த இடம் மட்டும் உடனே கட்டி, ஷீட் ஒரே சீராக வராது. ஆசிட்டின் அளவை ரப்பர் வாரியக் கள அலுவலரிடம் கேட்டு அறியவும்.

பிசுபிசுப்பு எப்படி வருகிறது?

ஐசோப்ரீன் என்னும் சிறு அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலியே ரப்பர் மூலக்கூறு. ஒவ்வோர் அலகிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. சங்கிலியின் பலவீனமான இடம் இதுவே. வெயிலும் வெப்பமும் பட்டால், இரட்டைப் பிணைப்பின் பக்கத்திலுள்ள ஹைட்ரஜன் கழன்று, இணையில்லாத எலக்ட்ரானுடன் ஒரு 'தனி உறுப்பு' உண்டாகிறது. இது சும்மா இருக்காது. காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு, அடுத்த மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கும். அந்த மூலக்கூறும் தனி உறுப்பாக மாறும். வைக்கோல் போரில் விழுந்த தீப்பொறி போல இது தொடர்ந்து பரவும். சங்கிலிகள் அறுபட்டுக் குட்டையாகின்றன. குட்டைச் சங்கிலிகளுக்கிடையே பிடிப்பு குறைவு. ஆகவே ஷீட் பிசுபிசுக்கிறது.

செம்பு, மாங்கனீசு உப்புகள் மிகச் சிறிய அளவில் சேர்ந்தாலும் இந்த வேலையைத் துரிதப்படுத்தும். ஆகவே செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் அறவே கூடாது. இலை உதிர்வு நோய்க்குப் போர்டோக் கலவையோ வேறு செம்பு மருந்தோ தெளிக்கும்போது சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கவேண்டும்.

புகையின் பயன்

ஷீட்டைக் கழுவி, நிழலில் நீர் வடியவிட்டு, புகைக்கூடத்தில் உலர்த்தவும். புகையிலுள்ள பீனால் வகைப் பொருள்கள் பூஞ்சாணத்தைத் தடுக்கும். இவ்வகைப் பொருள்களுக்குத் தனி உறுப்புக்கு ஹைட்ரஜனைக் கொடுத்துத் தொடர்வினையை நிறுத்தும் தன்மையும் உண்டு. புகைக்கூட வெப்பம் 60 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மூலக்கூறுகளின் பிடிப்பு தளர்ந்து ரப்பர் இளகும். உள்ளேயுள்ள ஈரம் ஆவியாகிக் குமிழ்கள் தோன்றும்.

எச்சரிக்கை

பார்மிக் ஆசிட் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். எப்போதும் தண்ணீரில் ஆசிட்டை ஊற்றவேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக்கூடாது. கையுறை அவசியம். கண்ணில் தெறித்தால் ஓடும் நீரில் கால் மணி நேரமாவது கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லவும். சோடா பாட்டிலிலோ குடிநீர்ப் பாட்டிலிலோ ஆசிட்டை ஒருபோதும் வைக்காதீர்கள். தாகத்தோடு வரும் குழந்தைக்கு அது தண்ணீராகவே தெரியும். பெயர் எழுதிய தனிப் பாத்திரத்தில், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்கவும்.